ஏழாம் பாரம்

மழைக்காலம் வந்தால் பைண்டிங் கடையில் இரண்டு காரியம் தவறாமல் நடக்கும். ஒட்டிய பசை காயாது. முதலாளியின் வாய் ஓயாது. மூன்று நாளாக விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. தாளெல்லாம் ஈரம் குடித்துக் கனத்துப்போய், மடித்தால் மடிப்பு நிற்காமல் எழுந்து எழுந்து பார்த்தது. முதலாளி பசை வாளிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வானிலை அறிக்கை வாசிக்கிறவர் தொடங்கி அட்டை சப்ளை செய்கிறவர் வரைக்கும் ஒருவர் விடாமல் திட்டிக்கொண்டிருந்தார்.

அடுக்கக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மேசையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு, சம்பளச் சீட்டில்கூட இருக்கிறது. ஆனால் பதினெட்டு வருஷமாகப் பாரம் அடுக்குகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பாரம் என்றால் சுமை என்று நினைத்துவிடக் கூடாது. அச்சகத்திலிருந்து வருகிற பெரிய தாளை மூன்று மடிப்பு மடித்தால் பதினாறு பக்கம் கிடைக்கும். அந்தப் பதினாறு பக்கம்தான் ஒரு பாரம். நீள மேசையில் ஒன்றாம் பாரம், இரண்டாம் பாரம் என்று பன்னிரண்டு அடுக்கு வரிசையாக இருக்கும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே நடந்தால், முடிவில் கையில் ஒரு புத்தகம் இருக்கும். அதைத் தையலுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். "நீ இதுவரைக்கும் நடந்த நடைக்கு நேரா நடந்திருந்தா இந்நேரம் வேற தேசத்துக்கே போயிருப்பே" என்று அவள் புருஷன் சொல்வதுண்டு. அங்கே போனாலும் இதே வேலைதானே கிடைக்கும் என்பாள்.

இந்த இரண்டு வருஷமாக மேசைக்கு வருவதில் பாதி பங்குச் சந்தைப் புத்தகங்கள். எழுதினவர்கள் வேறு வேறு ஆட்கள். அட்டையில் மேலே ஏறுகிற அம்புக்குறி மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றே. அச்சகத்துக்காரர்கள் ஒரு வண்டியில் கொண்டுவந்து இறக்குவார்கள், அடுத்த வாரமே மறுபதிப்பு என்று இன்னொரு வண்டி வரும். "வாங்கிப் படிக்கிறவனுக்கு லாபமோ நஷ்டமோ, நமக்குத் தெரியாது. ஒட்டுறவனுக்கு நஷ்டமே இல்லை" என்பார் முதலாளி.

வேலையில் கெட்டுப்போகிற பிரதிகளும் உண்டு. அட்டை கோணலாக ஒட்டியது, ஓரம் வெட்டும்போது எழுத்தையும் சேர்த்து வெட்டியது, ஒரு பாரம் தலைகீழாகத் தைத்தது என்று ஒரு மூலையில் குவிந்திருக்கும். கிலோ கணக்கில் பழைய தாளுக்குப் போகிற சரக்கு அது. அதிலிருந்து அவ்வப்போது ஒன்றை உருவி, பையில் சாப்பாட்டுப் பாத்திரத்துக்குக் கீழே வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவாள் அடுக்கக்கா. முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார். புத்தகம் அவளுக்கு இல்லை, அவள் புருஷனுக்கு.

அவள் புருஷனைத் தெருவே கூலிங் என்றுதான் கூப்பிடும். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பேரில்தான் கூலிங், ஆள் சட்டென்று சூடாகிவிடுவான். ஆனால் சூடானது ஐந்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது. மாடிப்படிக்குக் கீழே ஒரே ஷட்டர் போட்ட அறைதான் கடை. கதவு கழற்றின ஃப்ரிட்ஜ்களும் செப்புக் குழாய்ச் சுருள்களும் போக மிச்ச இடத்தில் ஒரு ஸ்டூல். வெயில் காலத்தில் அவனுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. மழை பிடித்துக்கொண்டால் ஃப்ரிட்ஜ் கெட்டாலும் யாரும் அவசரப்படுவதில்லை. அப்போது ஸ்டூலில் உட்கார்ந்து புத்தகம் படிப்பான். படித்த இடத்தில் கரண்ட் பார்க்கிற டெஸ்டரைச் செருகி வைப்பான். இதுவரைக்கும் பதின்மூன்று பங்குச் சந்தைப் புத்தகம் படித்திருந்தான், ஒரு ரூபாய்கூடச் சந்தையில் போட்டதில்லை. அதில் அவனுக்கு ஒரு பெருமையும் இருந்தது. போடாமலே இவ்வளவு தெரிகிறதே என்ற பெருமை.

அந்த நேரம் பார்த்து, அவன் வாடகைக்கு இருந்த கடை விலைக்கு வந்தது. கட்டடத்துச் சொந்தக்காரர் மகன் வீட்டோடு போய்த் தங்கப்போகிறார். மாடியையும் மற்றக் கடைகளையும் ஒருவர் மொத்தமாகக் கேட்டுவிட்டார், ஆனால் இந்த ஓர் அறையை மட்டும் "பதினாலு வருஷம் இருந்த மனுஷன், உனக்கே தர்றேன்" என்று மாதக் கடைசி வரை நிறுத்தி வைத்திருந்தார். விலையும் நியாயம். பதினோரு வருஷமாக இரண்டு பேரும் சிறுகச் சிறுகச் சேர்த்து வங்கியில் போட்டு வைத்திருந்த தொகை அதற்குச் சரியாக இருந்தது. சேர்த்ததே அதற்காகத்தான். வெள்ளிக்கிழமை காலையில் போய் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு டெபாசிட்டை முறிக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

புதன்கிழமை சாயங்காலம் அடுக்கக்கா முட்டையும் உருளைக்கிழங்கும் வேக வைத்துக்கொண்டிருந்தபோது கூலிங் ஈரக் குடையோடு நேராக அடுப்படிக்குள் வந்தான். கையில் பச்சை அட்டைப் புத்தகம்.

"இந்தா, கையெழுத்து வெள்ளிக்கிழமை போடுறோம். ஆனா பணத்தைக் கடைக்குப் போடல."

"அப்புறம்?"

"ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம் பொறு. ஒரு கடை வாங்குற பணத்துல ரெண்டு கடை வாங்கலாம்."

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். குடித்துவிட்டு வந்தாற்போல் இல்லை. அந்தப் பழக்கமும் கிடையாது. "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள்.

"கிண்டல் பண்ணாதே. ஒரு கம்பெனி நல்ல கம்பெனியா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, சொல்லு பாப்போம்."

"எனக்கெப்படித் தெரியும்? நான் என்ன ஃப்ரிட்ஜா ரிப்பேர் பண்றேன்?"

"அதான்! அதையேதான் நானும் சொல்றேன்! ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவனுக்குத்தான் அது தெரியும்." கூலிங் முட்டையில் ஒன்றை எடுத்து, சூடு தாங்காமல் கைக்குக் கை மாற்றினான். "பதினாலு வருஷமா எத்தனை கம்பெனி ஃப்ரிட்ஜ் என் கைக்கு வந்திருக்கு? எல்லாக் கம்பெனியும் வந்திருக்கு. ஒண்ணே ஒண்ணு மட்டும் வரல. மான் படம் போட்ட கம்பெனி. பதினாலு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கேஸ் போச்சுன்னோ கதவு சரியில்லேன்னோ வந்ததில்ல. அப்போ அது எப்பேர்ப்பட்ட ஃப்ரிட்ஜா இருக்கணும்! இது எந்தப் பெரிய ஆளுக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்."

"ஃப்ரிட்ஜுக்கும் மானுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"நீ ஒண்ணு! இதைக் கேளு." டெஸ்டர் செருகியிருந்த இடத்தைத் திறந்து, அவளுக்குப் புரிய வேண்டுமே என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தான். "'பத்து ஷேர் வைத்திருப்பவன் பத்தையும் அறியாதவன். உங்கள் தொழிலில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு ஷேரைக் கண்டுபிடித்து, கையில் இருப்பது முழுவதையும் அதில் போடுவதை…'" பக்கத்தைத் திருப்பினான். "'…இன்றே தொடங்குங்கள். நாளை என்று தள்ளிப்போடுவதே முதல் நஷ்டம்.' பாத்தியா? எனக்குன்னே எழுதின மாதிரி இல்ல?"

அடுக்கக்காவுக்கு ஒரு சொல் காதில் இடறியது. ஷேர். அந்தப் பச்சை அட்டைக்காரர் ஷேர் என்று எழுதுகிற ஆள் இல்லை. அவர் பங்கு, பங்கு என்றுதான் எழுதுவார். அதை முன்னுரையிலேயே ஒரு பக்கத்துக்கு வலியுறுத்தி இருப்பார். அவள் புத்தகம் படிக்கிறவள் இல்லைதான். ஆனால் ஆயிரம் தடவை ஒரே தாளைக் கையில் எடுத்தால் நாலு வரியாவது கண்ணில் படாமல் போகாது. ஷேர், ஷேர் என்று எழுதுகிறவர் சிவப்பு அட்டைக்காரர். இரண்டும் ஒரே அளவு, ஒரே வாரத்தில் மேசைக்கு வந்தவை.

"குடுங்க பாப்போம்" என்று வாங்கினாள். ஏழாம் பாரம் தொடங்குகிற தொண்ணூற்றேழாம் பக்கத்தின் அடியில், மூலையில், எறும்பு மாதிரி ஓர் எழுத்து இருக்கும். வாசிக்கிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை, எந்தப் புத்தகத்தின் எத்தனையாவது பாரம் என்று அவளுக்காகவே அச்சடிக்கிற எழுத்து அது. முந்தின பாரங்களில் எல்லாம் 'ப-5', 'ப-6' என்று வந்தது. இந்த இடத்தில் 'ஷே-7'. அதற்கடுத்து மறுபடி 'ப-8'.

 இரண்டும் மேசைக்கு வந்த அன்று நடந்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. ஏழாம் அடுக்கு தீர்ந்துபோய், புதுக் கட்டைப் பிரித்து வைத்தவள் அவள்தான். சிவப்புப் புத்தகத்துக் கட்டைப் பச்சைப் புத்தகத்து வரிசையில் வைத்துவிட்டாள். இருபது பிரதி போன பிறகு தையல்காரம்மா கண்டுபிடித்துச் சத்தம் போட்டாள். பத்தொன்பதைப் பிரித்துச் சரிசெய்தார்கள். ஒன்று மட்டும் அதற்குள் அட்டை ஒட்டி, ஓரமும் வெட்டிவிட்டதால் மூலைக் குவியலுக்குப் போனது. ஒரு பாரம் மாறினால் என்ன குடியா முழுகிவிடப் போகிறது என்று அதைத்தான் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"என்ன, பேச்சைக் காணோம்?" என்றான் கூலிங்.

"வெள்ளிக்கிழமைதானே? பாத்துக்கலாம். முதல்ல சாப்பிடுங்க."

சொல்லிவிட்டிருக்கலாம். ஆனால் வாய் வரவில்லை. அவன் உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே, இரண்டாவது கடையில் ஏசி வேலையும் சேர்த்துக்கொள்வதைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தான். அவ்வளவு சந்தோஷமாக அவனைப் பார்த்து நாளாகியிருந்தது.

மறுநாள் பைண்டிங் கடையில் அவளுக்கு நடை ஓடவில்லை. சாப்பாட்டு வேளையில் முதலாளியிடம் போய் நின்றாள்.

"முதலாளி, இந்தப் பங்குச் சந்தைப் புத்தகமெல்லாம் படிச்சா யாருக்காவது பிரயோஜனம் உண்டா?"

"உண்டே. எனக்கு உண்டு, உனக்கு உண்டு, பசை விக்கிறவனுக்கு உண்டு."

"அது இல்ல. ரெண்டு புத்தகத்துல ஏழாம் பாரத்தை மாத்தி மாத்தி வெச்சுட்டா படிக்கிறவங்களுக்குத் தெரியுமா?"

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்தார். "வெச்சுட்டியா?"

"இல்ல, வெச்சா."

"தெரியாது" என்றார் அவர், மறுபடி சாய்ந்துகொண்டு. "நான் இந்தத் தொழில்ல கண்டதைச் சொல்றேன் கேளு. போன வருஷம் ஒரு சமையல் புத்தகத்துல ஒரே ஒரு பக்கம் மாறிப்போச்சு. மறுநாளே ஆறு பேர் கூப்பிட்டுத் திட்டினாங்க. கேக்குல உப்பைக் கொட்டச் சொல்றியே, நீயெல்லாம் மனுஷனான்னு. ஏன்னா சமையல் புத்தகம் வாங்கினவன் அன்னைக்கே செஞ்சு பாக்குறான், வாயில வெச்சும் பாக்குறான். இந்தப் புத்தகம் வாங்குறவன் படிக்கிறான், தலையை ஆட்டுறான், மூடி வெச்சிடுறான். இவர் சொன்னது சரியா தப்பான்னு தெரியறதுக்குப் பத்து வருஷம் ஆகும். பத்து வருஷம் கழிச்சு எவன் என்னைக் கூப்பிட்டுத் திட்டப் போறான்?"

அவருக்கே அது நன்றாக இருந்திருக்க வேண்டும். இன்னொரு தடவையும் சொல்லிச் சிரித்தார்.

அடுக்கக்கா ஏணியைச் சாத்திப் பரணில் ஏறினாள். மிச்சமான பாரங்களை மறுபதிப்புக்கு ஆகும் என்று கட்டி வைப்பது அங்கேதான். தூசியைத் தட்டி, 'ப-7' என்று சீட்டு ஒட்டிய கட்டைக் கண்டுபிடித்து ஒரு பாரத்தை உருவினாள். ஏணியில் நின்றபடியே, பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு பாரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். கீழே தையல்காரம்மா, "மேல என்ன, தூங்கிட்டியா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

சாயங்காலம் மழை வெறித்திருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேராகக் கூலிங்கின் கடைக்குப் போனாள். வாசல் ஓரத்தில் கழுவி வைத்த ஃப்ரிட்ஜ் கதவுகள் காய்ந்துகொண்டிருந்தன. அவனை ஸ்டூலில் உட்கார வைத்து, தான் ஒரு பழைய கம்ப்ரசர் மேல் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

கூலிங்குக்கு முதலில் புரியவில்லை. 'ஷே-7' என்ற எழுத்தைக் காட்டின பிறகு புரிந்தது. முகம் கறுத்தது.

"அப்போ நீ கொண்டாந்த பதிமூணும் குப்பையில போட வெச்சதா?"

"எல்லாமே அப்படி இல்லைங்க…"

"நான் வர்றவன் போறவனுக்கெல்லாம் பாடம் எடுத்துட்டிருக்கேன். பெரிய இவன் மாதிரி. என்னை வேஸ்ட் பேப்பர் படிக்க வெச்சிருக்கே."

"கடையில விலை குடுத்து வாங்கித் தர நம்மால முடியலையேங்க. ஆனா படிக்கிறது உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு. மழை நாள்ல சும்மா உக்காந்து வெறிச்சுப் பாத்துட்டிருப்பீங்க. முதல் புத்தகம் கொண்டாந்த அன்னைக்கு எப்படி இருந்தீங்கன்னு உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

கூலிங் ஸ்பேனரை எடுத்தான், வைத்தான். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, மூன்று நிமிஷத்திலேயே இறங்கிவிட்டான்.

"தொண்ணூத்தாறுலேர்ந்து தொண்ணூத்தேழுக்குப் போறப்போ கொஞ்சம் இடிச்சுது" என்றான் மெதுவாக. "மூணு தடவை படிச்சேன். பெரிய மனுஷன் எழுதுறாரு, நமக்குத்தான் எட்டலேன்னு விட்டுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அவனும் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். பிறகு அவள் பையிலிருந்து சரியான பாரத்தை எடுத்துக் கொடுத்தாள். கூலிங் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தான். ஓரிடத்தில் நின்று, சத்தமாகவே வாசித்தான்.

"'சரக்கு நல்லதாக இருப்பது வேறு, அதைச் செய்கிற நிறுவனம் நல்ல நிலையில் இருப்பது வேறு.' ம்." இன்னொரு பக்கம் போயிற்று. "'அடுத்த ஐந்து ஆண்டுகளில் தேவைப்படும் பணத்தைச் சந்தையின் கண்ணில் காட்டாதீர்கள். தொழிலுக்கு வேண்டியதை முதலில் முடியுங்கள். மிச்சத்தில் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைப் பல நிறுவனங்களின் பங்குகளில் பரவலாகப் போடுவதை…'"

பாரம் அங்கே முடிந்தது. அவன் பச்சைப் புத்தகத்தைத் திறந்து நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தைப் பார்த்தான். "'இன்றே தொடங்குங்கள். நாளை என்று தள்ளிப்போடுவதே முதல் நஷ்டம்.'"



"அதுவும் பொருந்துது, இதுவும் பொருந்துது" என்றான் கூலிங். "அடேயப்பா! எதுக்குப் பின்னாடி வெச்சாலும் பொருந்தும்போல இருக்கே இந்த வரி."

"அதுக்குத்தான் அடியில எழுத்து போடுறாங்க."

ஆனாலும் மான் அவனை விடவில்லை. எழுந்து ஷட்டர் வரைக்கும் நடந்து திரும்பினான். "பாரம் மாறினது சரி. ஆனா மான் கம்பெனி ஃப்ரிட்ஜ் பதினாலு வருஷமா ரிப்பேருக்கு வரலேங்குறது பொய்யா? அது என் கண்ணால கண்டது. எந்தப் புத்தகத்துலயும் இல்லாதது."

"பொய்யில்லைங்க. நான் ஒண்ணு கேக்குறேன். இந்தத் தெருவுல யாரு வீட்ல மான் ஃப்ரிட்ஜ் இருக்கு?"

கூலிங் வாயைத் திறந்தான். விரலை மடக்கத் தயாராகக் கையைத் தூக்கினான். டாக்டர் வீட்டில் வேறு கம்பெனி. பேக்கரியில் வேறு. மாடி வீட்டில், மூலை வீட்டில், பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டில் எல்லாம் வேறு வேறு. அடுத்த தெருவுக்கும் மனசாலேயே போய்வந்தான். ஒரு விரல்கூட மடங்கவில்லை.

"வாங்கினாத்தானேங்க ரிப்பேருக்கு வரும்?" என்றாள் அடுக்கக்கா.

கூலிங் தூக்கின கையை இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். "இதை வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றான்.

வீட்டுக்குப் போனதும் பதின்மூன்று புத்தகத்தையும் இறக்கி அவள் முன்னால் வைத்தான். ஒவ்வொன்றாக எடுத்து, முதுகைப் பிடித்து, கட்டைவிரலால் ஓரத்தைச் சரசரவென்று ஓட்டிப் பார்த்தாள். "இதுல மூணாம் பாரம் இல்ல. இது தலைகீழாத் தைச்சது, நீங்கதான் திருப்பிப் பிடிச்சுப் படிச்சீங்களே. இது முழுசு, அட்டை மட்டும் கோணல். இதுவும் முழுசு." கடைசியில் எட்டுப் புத்தகம் ஒரு பக்கம் சேர்ந்தது.

"அப்போ இந்த எட்டும் சரி?"

"பைண்டிங் சரி. உள்ள எழுதியிருக்கிறது சரியான்னு என்னைக் கேக்காதீங்க."

வெள்ளிக்கிழமை காலையில் வங்கியில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மத்தியானத்துக்குள் கடை அவர்களுடையது ஆகிவிட்டது. ஷட்டரைத் தூக்கினபோது எண்ணெய் போடாத அதே பழைய கிரீச் சத்தம்தான் வந்தது. "நம்ம சத்தம்" என்றான் கூலிங். அடுத்த மாதத்திலிருந்து கைச்செலவு போக மிச்சத்தில், மிகச் சின்னதாக ஒரு தொகை, ஏழாம் பாரத்தில் சொன்ன மாதிரி பரவலாகப் போகத் தொடங்கியது. அந்த ஒரு பாரத்துக்கு மட்டும் அடுக்கக்கா தனியாக ஒரு கெட்டி அட்டை போட்டுத் தந்தாள். பதினாறே பக்கத்துக்கு அவ்வளவு கனமான அட்டையைப் பார்த்து வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். இந்தப் புத்தகமெல்லாம் படிக்கலாமா என்று யாராவது கேட்டால், "தாராளமாப் படிக்கலாம். ஆனா சமையல் புத்தகம் மாதிரிப் படி. வாயில வெச்சுப் பாக்குற வரைக்கும் முழுங்காதே" என்பான். முதலாளி சொன்னதை அவள் வந்து சொல்லியிருந்தாள். சொன்னது யார் என்று அவன் சொல்வதில்லை.

மழை போய் வெயில் வந்தது. ஒரு நாள் அடுக்கக்கா மேசையின் பாதி தூரத்தில், கையில் ஆறு பாரத்தோடு இருந்தபோது ஃபோன் அடித்தது. கூலிங் வேலை நேரத்தில் கூப்பிடுகிறவன் இல்லை. பதறிப்போய் எடுத்தாள்.

"வந்துட்டுது!" என்றான்.

"என்னங்க வந்துட்டுது?"

"மான்! மான் ஃப்ரிட்ஜ்! நம்ம கடைக்கே வந்துட்டுது. பதினஞ்சாவது வருஷத்துல!"

"கெட்டுப்போச்சா?"

"எங்க கெட்டுச்சு? பிளக்குல ஒரு கம்பி விட்டிருந்துச்சு, ரெண்டு நிமிஷ வேலை. உள்ள கழட்டிப் பாத்தேன். என்ன வேலைப்பாடு தெரியுமா! கம்ப்ரசர் ஓடுறதே காதுல விழல. நான் சொன்னேன் இல்ல? சொன்னேனா இல்லையா? தங்கமான ஃப்ரிட்ஜ்!"

 அவன் சொன்னது சரியாகத்தான் இருந்ததோ? நாம்தான் தடுத்துக் கெடுத்துவிட்டோமோ? கையிலிருந்த பாரங்களை மேசையில் வைத்தாள்.

"யாருதுங்க அது?"

"புதுசா குடி வந்திருக்கிற ஒரு தம்பி. மான் கம்பெனியிலதான் வேலை பாத்தாராம்."

"பாத்தாராமா?"

"ஆமா." கூலிங்கின் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆறு மாசமா சம்பளம் வரலையாம். கடைசியில ஆளுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் குடுத்து அனுப்பிட்டாங்களாம்."

 ஃபோனில் ஷட்டர் தூக்குகிற கிரீச் சத்தம் கேட்டது.

"அவர்கிட்ட காசு வாங்கினீங்களா?" என்றாள்.

"பிளக்குக்கா? சீச்சீ. டீ வாங்கிக் குடுத்து அனுப்பினேன்."

"நல்லது பண்ணீங்க" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள். ஆறு பாரத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, ஏழாம் அடுக்கின் முன்னால் நின்று, அடியில் இருந்த எழுத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, மேலே நடந்தாள்.